கணினிக் கேள்வி–பதில்: சர்வர் மாறட்டும், டொமைன் அப்படியே இருக்கட்டும்

விண்டோஸ் சர்வர் 2012, 2012 ஆர்2 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. சர்வர் 2016-க்கு 2027 ஜனவரி 12 கடைசி நாள். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பழைய சர்வரில் இருக்கும் கம்பெனி டொமைனைப் புதியதற்கு மாற்றுவது பற்றியவை. அவற்றை மட்டும் சேர்த்துத் தந்திருக்கிறோம். டொமைன் என்பது கம்பெனியின் யூசர்களையும் கம்ப்யூட்டர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு, அதை நடத்தும் சர்வர்தான் டொமைன் கன்ட்ரோலர்.

எங்கள் பனியன் கம்பெனியில் 45 கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. டொமைன் கன்ட்ரோலர் ஒன்றே ஒன்றுதான், சர்வர் 2012 ஆர்2. இப்போது சர்வர் 2022 வாங்கியிருக்கிறோம். "புதுசுல அதே பேர்ல டொமைன் போட்டு, யூசர்களை ஏத்தி, சிஸ்டத்தை எல்லாம் மறுபடி ஜாயின் பண்ணிடலாம். ஒரு ஞாயித்துக்கிழமை போதும்" என்கிறார் விற்றவர். அப்படிச் செய்யலாமா? — வாசகர், திருப்பூர்

தயவுசெய்து செய்யாதீர்கள். ஊரில் முருகன் என்ற பெயரில் பத்துப் பேர் இருக்கலாம், ஆனால் இருவருக்கு ஒரே ஆதார் எண் இருக்காது. டொமைனுக்கு அந்த எண் மாதிரி இருப்பது எஸ்ஐடி. பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுத்தாலும் புதிதாக உருவாகும் டொமைனுக்குப் புது எஸ்ஐடி, அதிலுள்ள ஒவ்வொரு யூசருக்கும் புது எஸ்ஐடி. ஃபோல்டர் அனுமதிகள், கம்ப்யூட்டர் கணக்குகள், யூசர் புரொஃபைல்கள் எல்லாம் எஸ்ஐடியை வைத்தே ஆளை அடையாளம் காண்கின்றன, பெயரை வைத்து அல்ல.

திங்கட்கிழமை காலையில் என்ன நடக்கும் என்று பாருங்கள். கணக்குப் பிரிவில் ஒருவர் அதே பெயர், அதே பாஸ்வேர்டு போட்டு உள்ளே போகிறார். டெஸ்க்டாப் வெறிச்சோடிக் கிடக்கிறது. சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் அவர் பெயரில் ஒன்று, அவர் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து டொமைன் பெயர் ஒட்டியபடி இன்னொன்று என இரண்டு ஃபோல்டர்கள். பழையதில் இருக்கும் ஃபைல்களைக் காப்பி செய்துவிடலாம். ஆனால் பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் பழைய கணக்கின் சாவியால் பூட்டப்பட்டவை, காப்பி செய்தாலும் திறக்காது. அவுட்லுக், பிரிண்டர், டிரைவ் மேப்பிங் எல்லாவற்றையும் மறுபடி அமைக்க வேண்டும். ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு மணி நேரம் என்றாலும் 45 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைக்கு 24 மணி நேரம்தான்.

சரியான வழி வேறு. புதிய சர்வரைப் பழைய டொமைனுக்குள்ளேயே இரண்டாவது டொமைன் கன்ட்ரோலராகச் சேர்க்க வேண்டும். பொறுப்புகள் ஒவ்வொன்றாகக் கை மாறிய பிறகு பழையது முறைப்படி விலகும். யூசர், பாஸ்வேர்டு, குரூப் பாலிசி (எல்லா கம்ப்யூட்டர்களுக்கும் சர்வரிலிருந்து போகும் அமைப்புகள்) எதையும் தொட வேண்டியதில்லை. 45 கம்ப்யூட்டரில் ஒன்றைக்கூட மறுபடி ஜாயின் செய்ய வேண்டியதில்லை. கை வேலை அரை நாளுக்குள் முடியும். ஆனால் இடையிடையே காத்திருந்து சோதிக்க இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

முதலில் பழைய சர்வரின் உடல்நிலை. விண்டோஸ் சர்வர் பேக்கப் வழியாக ஒரு சிஸ்டம் ஸ்டேட் பேக்கப்பை வெளி டிஸ்கில் எடுங்கள். கன்ட்ரோலரைப் பரிசோதிக்கும் டிசிடயாக் கட்டளையை ஓட்டி, தோல்வி என்று காட்டும் ஒவ்வொரு வரிக்கும் காரணம் கண்டுபிடியுங்கள். பழைய சர்வரில் நோய் இருந்தால் அதுவும் சேர்ந்தே புதியதற்குப் போகும்.

புதிய சர்வருக்கு நிரந்தரப் பெயரையும் நிலையான ஐபியையும் இப்போதே கொடுத்துவிடுங்கள். அதன் நெட்வொர்க் கார்டில் டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றித் தரும் சேவை) முகவரியாகப் பழைய சர்வரின் ஐபி மட்டும் இருக்க வேண்டும், ரவுட்டரின் ஐபியோ 8.8.8.8-ஓ கூடாது. டொமைனில் ஜாயின் செய்து, டொமைனை நடத்தும் ஆக்டிவ் டைரக்டரி டொமைன் சர்வீசஸ் ரோலை நிறுவி, கன்ட்ரோலராக உயர்த்தும், அதாவது ப்ரொமோட் செய்யும் விசார்டைத் திறந்தால் முதல் திரையில் மூன்று வட்டங்கள் இருக்கும்: இருக்கும் டொமைனில் இன்னொரு கன்ட்ரோலரைச் சேர்ப்பது, இருக்கும் ஃபாரஸ்டில் (டொமைன்களின் தொகுப்பு) புது டொமைன், புது ஃபாரஸ்ட். முதல் வட்டத்தில்தான் புள்ளி இருக்க வேண்டும். விற்றவர் சொல்லும் வழி மூன்றாவது வட்டம். உள்நுழையும் கணக்கு டொமைன் அட்மின்ஸ், என்டர்பிரைஸ் அட்மின்ஸ், ஸ்கீமா அட்மின்ஸ் மூன்றிலும் இருக்கட்டும், ஏனென்றால் டைரக்டரியின் அடிப்படை வடிவமைப்பான ஸ்கீமாவைப் புதுப்பிக்கும் வேலையை விசார்டே செய்கிறது. ஸ்கீமா எண் 69-லிருந்து 88-க்கு ஏறும்.

ரீஸ்டார்ட் ஆனதும் "முடிந்தது" என்று எழுந்துவிடாதீர்கள். புதிய சர்வரில் நெட் ஷேர் கட்டளை கொடுத்தால் குரூப் பாலிசிகளும் லாகன் ஸ்கிரிப்ட்களும் இருக்கும் சிஸ்வால், நெட்லாகன் என்ற இரண்டு ஷேர்களும் தெரிய வேண்டும். ஈவென்ட் வியூவரில் டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் (கன்ட்ரோலர்களுக்கு இடையே சிஸ்வாலைப் பரிமாறும் முறை) பதிவேட்டில் 4604 என்ற எண் வந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் புதிய சர்வர் பெயரளவுக்கு மட்டுமே கன்ட்ரோலர். அந்த நிலையில் பழையதை அணைத்தால் யாரும் லாகின் செய்ய முடியாது.

ஷேர் வரவில்லையென்றால் பெரும்பாலும் காரணம் பழைய சர்வரில்தான் இருக்கும். அங்கே அதே பதிவேட்டில் 2213 இருந்தால், என்றோ கரண்ட் போய் சர்வர் பட்டென்று அணைந்ததில் ரெப்ளிகேஷன் நின்றிருக்கிறது என்று பொருள். மீண்டும் தொடங்கும் கட்டளை அந்த ஈவென்ட்டின் வாசகத்திலேயே இருக்கும், அப்படியே எடுத்து ஓட்டலாம். 4012 இருந்தால் அது 60 நாளுக்கு மேல் நின்று கிடந்திருக்கிறது. பழைய சர்வரின் சிஸ்வாலை மூலப் பிரதியாக அறிவித்து மறுபடி தொடங்கும் வேலை தேவைப்படும். ரெஜிஸ்ட்ரியில் சிஸ்வால்ரெடி மதிப்பை 1 ஆக்கி ஷேரை வரவழைக்கும் குறுக்குவழியைச் சிலர் சொல்வார்கள். அதில் காலி ஃபோல்டர்தான் ஷேர் ஆகும், குரூப் பாலிசிகள் வராது.

இது சரியான பிறகு ஒரு நேரத்தில் ஒரே கன்ட்ரோலரிடம் மட்டும் இருக்கும் ஐந்து எஃப்எஸ்எம்ஓ பொறுப்புகளைப் புதியதற்கு மாற்றுங்கள்: ஸ்கீமா மாஸ்டர், டொமைன் நேமிங் மாஸ்டர், ஆர்ஐடி மாஸ்டர், பிடிசி எமுலேட்டர், இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மாஸ்டர். பவர்ஷெல்லில் ஒரே வரியில் ஐந்தும் மாறிவிடும். மாறியதை நெட்டாம் கட்டளையால் உறுதி செய்யுங்கள்.

பிடிசி பொறுப்பு வந்த சர்வர்தான் இனி கம்பெனிக்கே கடிகாரம். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கடிகாரங்களுக்கு இடையே 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் லாகினைச் சரிபார்க்கும் கெர்பராஸ் முறை அதை மறுத்துவிடும். புதிய சர்வரை வெளி நேர சர்வருடன் இணைத்து, ஃபயர்வாலில் யுடிபி 123 போர்ட்டைத் திறந்துவிடுங்கள். இந்திய நிறுவனங்கள் என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு, அல்லது அவற்றை ஒட்டி ஓடும் சர்வரோடு ஒத்திசைக்க வேண்டும் என்று கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது, ஆகவே அவற்றையே கொடுங்கள். ஹைப்பர்-வி மேல் ஓடும் கன்ட்ரோலர் என்றால், ஹோஸ்டிலிருந்து நேரம் வாங்கும் டைம் சிங்க்ரனைசேஷன் டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கடிகாரங்களுக்கு நடுவே அது அல்லாடும்.

ப்ரொமோட் செய்யும்போது, டொமைன் இன்னும் எஃப்ஆர்எஸ் பயன்படுத்துகிறது என்று சொல்லி சர்வர் 2019 நின்றுவிடுகிறது. எங்கள் டொமைன் 2003 காலத்தில் உருவாக்கியது. — வாசகர், சிவகாசி

சிஸ்வாலைப் பரிமாறும் பழைய முறை எஃப்ஆர்எஸ். ஃபங்ஷனல் லெவல் (டொமைன் எந்தச் சர்வர் பதிப்பின் வசதிகளோடு ஓடுகிறது என்ற அளவு) 2008 அல்லது அதற்கு மேல் வைத்து உருவான டொமைன்கள் டிஎஃப்எஸ்ஆர் (டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன்) என்ற புதிய முறையில் பிறந்தவை. 2003-இல் பிறந்தவை, சர்வர் எத்தனை முறை மாறியிருந்தாலும், யாராவது கை வைத்து மாற்றும்வரை எஃப்ஆர்எஸ்ஸிலேயே இருக்கும். சர்வர் 2019-இல் எஃப்ஆர்எஸ் அடியோடு எடுக்கப்பட்டுவிட்டது.

மாற்றுவது கடினமில்லை. டொமைன் ஃபங்ஷனல் லெவல் 2008-ஆவது இருக்க வேண்டும், குறைவாக இருந்தால் உயர்த்துங்கள். பிறகு டிஎஃப்எஸ்ஆர்மிக் என்ற கட்டளை. அதற்கு நான்கு நிலைகள்: 0 தொடக்கம், 1 தயார், 2 திருப்பிவிடப்பட்டது, 3 நீக்கப்பட்டது. நிலை 1-ஐக் கொடுத்துவிட்டு, எல்லா கன்ட்ரோலர்களும் அந்த நிலைக்கு வந்துவிட்டன என்று மைக்ரேஷன் நிலையைக் கேட்கும் கட்டளை சொல்லும்வரை காத்திருங்கள். பிறகு 2. மறுபடி காத்திருந்து, கம்ப்யூட்டர்களில் குரூப் பாலிசி வருகிறதா என்று பார்த்த பிறகே 3. ஒரே கன்ட்ரோலர் என்றால் ஒவ்வொரு நிலைக்கும் சில நிமிடங்களே ஆகும்.

2 வரை போனாலும் திரும்பி வரலாம். 3-க்குப் போனால் திரும்ப வழியில்லை. அதனால் 2-இல் ஒரு நாள் இருந்துவிட்டுப் போவது நல்லது. முன்பே இறந்துபோன கன்ட்ரோலரின் பெயர் டொமைனில் மிச்சம் இருந்தால், அதன் பதிலுக்காக நிலை மாறாமல் தொங்கிக்கொண்டே இருக்கும். அந்தப் பெயரை முதலில் நீக்குங்கள்.

எல்லாம் மாற்றிவிட்டு பழைய சர்வரை அணைத்தோம். சில கம்ப்யூட்டர்களில் லாகின் ஆகப் பத்து நிமிடம் ஆகிறது. யாருக்கும் இன்டர்நெட் வரவில்லை. பழையதை ஆன் செய்தால் எல்லாம் சரியாகிறது. — வாசகர், கோயம்புத்தூர்

இரண்டுக்கும் டிஎன்எஸ்தான் காரணம், ஆனால் வெவ்வேறு இடத்தில்.

இன்டர்நெட் பிரச்சினையை முதலில் பார்ப்போம். புதிய சர்வரில் டிஎன்எஸ் மேனேஜரைத் திறந்து, சர்வர் பெயர்மேல் வலது க்ளிக் செய்து, ஃபார்வர்டர்ஸ் பக்கத்தைப் பாருங்கள். அங்கே பழைய சர்வரின் ஐபி உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ப்ரொமோட் செய்யும்போது நெட்வொர்க் கார்டில் இருந்த டிஎன்எஸ் முகவரியை விசார்ட் அப்படியே ஃபார்வர்டராக எடுத்துக்கொள்கிறது. வெளிப் பெயர் எதைக் கேட்டாலும் புதியது பழையதிடம் போய்க் கேட்கிறது, பழையது அணைந்திருக்கிறது. அந்த ஐபியை நீக்கிவிட்டு உங்கள் இன்டர்நெட் சேவையின் டிஎன்எஸ் முகவரியையோ 8.8.8.8, 1.1.1.1 போன்றவற்றையோ கொடுங்கள். அந்தப் பொது முகவரிகளுக்கு நியாயமான இடம் ஃபார்வர்டர் பட்டியல் ஒன்றுதான்.

தாமதமாக லாகின் ஆகும் கம்ப்யூட்டர்களில் டிஎன்எஸ் இன்னும் பழைய ஐபியாக இருக்கும், அல்லது இரண்டாவது டிஎன்எஸ்ஸாக யாரோ 8.8.8.8 போட்டிருப்பார்கள். கம்ப்யூட்டர் லாகின் ஆகும்போது "இந்த டொமைனின் கன்ட்ரோலர் எங்கே" என்று டிஎன்எஸ்ஸில் எஸ்ஆர்வி பதிவைத் தேடுகிறது. கூகுளுக்கு உங்கள் கம்பெனி டொமைனைத் தெரியாது, அது "அப்படி ஒன்று இல்லை" என்று சொல்லிவிடும். இரண்டாவது டிஎன்எஸ் என்பது அவசரத்துக்கு உதவும் ஸ்டெப்னி என்று பலர் நினைக்கிறார்கள். விண்டோஸ் அப்படி நடந்துகொள்ளாது. முதலாவது ஒருமுறை பதில் சொல்லத் தாமதித்தால் இரண்டாவதுக்குத் தாவி, அங்கேயே கொஞ்ச நேரம் தங்கிவிடும். "சில நாள் வருது, சில நாள் வரல" என்ற புகாரின் ஊற்று இதுதான்.

டிஹெச்சிபி வழியாகத் தானாக ஐபி வாங்கும் கம்ப்யூட்டர்களுக்கு, டிஎன்எஸ் முகவரியைச் சொல்லும் ஆப்ஷன் 006-ஐ மாற்றினால் போதும், ஆனால் வாங்கிய ஐபி செல்லும் லீஸ் காலம் வழக்கமாக 8 நாள். அதனால் மாற்றத்துக்கு ஒரு வாரம் முன்பே லீஸைச் சில மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள், முடிந்த பிறகு பழையபடி வையுங்கள். டிஹெச்சிபி சர்வரையே மாற்றுவதானால் பவர்ஷெல்லில் எக்ஸ்போர்ட், இம்போர்ட் கட்டளைகள் லீஸ்களோடு சேர்த்துக் கொண்டுவரும். புதியதை ஆக்டிவ் டைரக்டரியில் ஆதரைஸ் செய்தால்தான் அது ஐபி கொடுக்கும். பழையதில் அந்தச் சர்வீஸை நிறுத்தாமல் விட்டால் இரண்டும் போட்டி போட்டுக் கொடுக்கும்.

கையால் ஐபி போட்ட கருவிகள்தான் கடைசிவரை படுத்தும்: பிரிண்டர், சிசிடிவி ரெக்கார்டர், கைரேகை வருகைப்பதிவு மெஷின், நாஸ் பெட்டி, பழைய ஃபயர்வால். பட்டியல் போட்டு ஒவ்வொன்றிலும் போய் மாற்றுங்கள். கருவிகள் அதிகம் என்றால் இன்னொரு வழி உண்டு. பழைய சர்வரை டிமோட் செய்து (கன்ட்ரோலர் பொறுப்பிலிருந்து முறைப்படி விலக்கி), அதன் ஐபியை மாற்றிவிட்டு, அந்த ஐபியைப் புதிய சர்வருக்குக் கொடுப்பது. கொடுத்தபின் டிஎன்எஸ் பதிவைப் புதுப்பிக்கும் ஐபிகான்ஃபிக் கட்டளையை ஓட்டி, நெட்லாகன் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கருவிகளுக்கு மாற்றம் நடந்ததே தெரியாது. ஒரே கார்டில் பழைய, புதிய இரண்டு ஐபியையும் சேர்த்து வைக்காதீர்கள். டொமைன் கன்ட்ரோலர் இரண்டு ஐபியோடு டிஎன்எஸ்ஸில் பதிவானால் புதுத் தொல்லைகள் முளைக்கும்.

பழைய சர்வரிலேயே 1 டிபி அளவுக்கு ஷேர் ஃபோல்டர்களும் டேலியும் இருக்கின்றன. இவற்றை எப்படிக் கொண்டுபோவது? — வாசகர், ஈரோடு

விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற காப்பி கட்டளை போதும். மிர் சுவிட்ச் இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல ஆக்கும், காப்பிஆல் சுவிட்ச் அனுமதிகளையும் சேர்த்துக் கொண்டுவரும். மறுமுயற்சிக்கு ஆர் 1, காத்திருப்புக்கு டபிள்யூ 1 கொடுங்கள். கொடுக்காவிட்டால், திறந்திருக்கும் ஒரு ஃபைலுக்காக 30 விநாடிக்கு ஒருமுறை வீதம் 10 லட்சம் தடவை முயலும், இரவு முழுதும் அங்கேயே நிற்கும். லாக் ஃபைலும் எழுதச் சொல்லுங்கள். முதல் சுற்றை ஒரு வாரம் முன்பே ஓட்டிவிட்டால், மாற்றும் நாளில் இரண்டாவது சுற்று மாறியவற்றை மட்டும் எடுக்கும், சீக்கிரம் முடியும்.

ஆனால் மிர் சுவிட்சில் ஓர் ஆபத்து: மூலத்தில் இல்லாததை இலக்கில் அழிக்கும். மூலம், இலக்கு இரண்டையும் மாற்றிப் போட்டால் காலி ஃபோல்டர் உங்கள் டேட்டாவைத் துடைத்துவிடும். முதலில் எல் சுவிட்ச் போட்டு, என்ன செய்யப்போகிறது என்ற பட்டியலை மட்டும் பாருங்கள். ஊழியர்கள் புதிய சர்வரில் வேலை தொடங்கிய பிறகு அந்தக் கட்டளையை மறுபடி ஓட்டவே கூடாது.

ரோபோகாப்பி ஃபோல்டர் அனுமதிகளைக் கொண்டுவரும், ஷேர் அனுமதிகளைக் கொண்டுவராது. ஷேர்களைப் புதியதில் மறுபடி உருவாக்க வேண்டும். அடுத்து, குரூப் பாலிசியின் டிரைவ் மேப்பிங்கிலும் லாகன் ஸ்கிரிப்ட்டிலும் பழைய சர்வரின் பெயர் ஒளிந்திருக்கும். எல்லா பாலிசிகளையும் அறிக்கையாக எடுத்து, அதில் பழைய பெயரைத் தேடுங்கள்.

டேலிக்கு, பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே லைசென்ஸை சரண்டர் செய்யுங்கள். பிறகு புதியதில் ஆக்டிவேட் செய்து, டேட்டா பாதையை மாற்றினால் முடிந்தது. பழையதை ஃபார்மேட் செய்த பிறகு இது நினைவுக்கு வந்தால் வீண் அலைச்சல்.

ஒரு யோசனை. சர்வர் 2022 ஸ்டாண்டர்டு லைசென்ஸில், மெஷினின் எல்லா கோர்களுக்கும் லைசென்ஸ் இருந்தால், இரண்டு விர்ச்சுவல் மெஷின் ஓட்டலாம். ஒன்றில் டொமைன் கன்ட்ரோலர், மற்றதில் ஃபைலும் டேலியும் என்று பிரித்து வையுங்கள். டேலிக்காக நாலு பேருக்கு அட்மின் அனுமதி கொடுக்க வேண்டியிருந்தாலும் அது டொமைனின் கழுத்தில் கத்தியாக இருக்காது. அடுத்த முறை மாற்றும்போதும் ஃபைல் சர்வரைத் தொடாமல் டொமைனை மட்டும் மாற்றலாம்.

நேராக சர்வர் 2025-க்கே போகலாமா? எங்களிடம் இருப்பது 2012 ஆர்2. — வாசகர், சேலம்

ஒரே தாவலில் முடியாது. 2025 கன்ட்ரோலரைச் சேர்க்க டொமைன், ஃபாரஸ்ட் இரண்டின் ஃபங்ஷனல் லெவலும் 2016 ஆக இருக்க வேண்டும். 2012 ஆர்2 கன்ட்ரோலர் இருக்கும்வரை லெவல் அதற்கு மேல் ஏறாது. நடுவில் 2016, 2019, 2022 இவற்றில் ஒன்றைத் தற்காலிகமாகச் சேர்த்து, பழையதை டிமோட் செய்து, லெவலை உயர்த்திய பிறகு 2025-ஐச் சேர்க்கலாம். ஒன்றை நினைவில் வையுங்கள்: சர்வரைப் பயன்படுத்துவோருக்காக வாங்கிய பழைய 2012 கேல் லைசென்ஸ்கள் புதிய சர்வருக்குச் செல்லாது. யூசர் அல்லது டிவைஸ் கணக்கில் புதிதாக வாங்க வேண்டும், கொட்டேஷன் கேட்கும்போதே அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

லைசென்ஸ் வரும்வரை 180 நாள் இவாலுவேஷன் பதிப்பில் கன்ட்ரோலரை அமைத்துவிட்டோம். இப்போது கீ வந்துவிட்டது, போட்டால் ஏற்கவில்லை. — வாசகர், ஓசூர்

இவாலுவேஷன் பதிப்பு டொமைன் கன்ட்ரோலராக இருக்கும்போது அதை முழுப் பதிப்பாக மாற்ற முடியாது. முழுப் பதிப்பு நிறுவிய இன்னொரு சர்வரை, விர்ச்சுவல் மெஷினாக இருந்தாலும் சரி, கன்ட்ரோலராகச் சேருங்கள். பொறுப்புகளை அதற்கு மாற்றிவிட்டு இதை டிமோட் செய்து, பிறகு பதிப்பை மாற்றுங்கள். நாளைத் தள்ளாதீர்கள். காலம் முடிந்த இவாலுவேஷன் சர்வர் மணிக்கு ஒருமுறை தானாக அணைந்துவிடும்.

புதிய சர்வர் வந்ததிலிருந்து ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்தால் ஃபோல்டருக்கு வருவதில்லை. — வாசகர், மதுரை

பழைய மெஷின் ஃபைல் பகிரும் மொழியின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1 மட்டும் பேசும். சர்வர் 2019, 2022-இல் அது நிறுவப்பட்டே வருவதில்லை. 2017-இல் உலகெங்கும் பரவிய, பணம் பறிக்கும் வைரஸான வான்னாக்ரை இதே ஓட்டை வழியாக வந்தது, ஆகவே ஸ்கேனுக்காக சர்வரில் எஸ்எம்பி 1-ஐத் திறக்க வேண்டாம். மெஷினின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் எஸ்எம்பி 2 வருமா என்று சர்வீஸ்காரரிடம் கேளுங்கள். வராவிட்டால் ஸ்கேனை இமெயிலுக்கு அனுப்பும்படி மாற்றுங்கள்.

பாதியில் பழைய சர்வரின் போர்டு போய்விட்டது. பொறுப்புகள் அதிலேயே மாட்டிக்கொண்டன. — வாசகர், திருச்சி

புதியதில் சிஸ்வால் ஷேர் ஏற்கெனவே வந்திருந்தால் கவலை வேண்டாம். அதே பவர்ஷெல் கட்டளையில் ஃபோர்ஸ் சேர்த்து ஐந்து பொறுப்புகளையும் பறித்துக்கொள்ளலாம். பிறகு ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸில் டொமைன் கன்ட்ரோலர்ஸ் பிரிவில் இறந்த சர்வரின் பெயரை நீக்குங்கள், அதைப் பற்றிய உள் விவரங்களும் கூடவே போய்விடும். போர்டு சரியாகித் திரும்பி வந்தால் அந்த டிஸ்கை நெட்வொர்க்கில் மாட்டவே கூடாது. பொறுப்பு தன்னிடமே இருப்பதாக அது நம்பிக்கொண்டிருக்கும், ஏற்கெனவே கொடுத்த ஆர்ஐடி எண்களையே (எஸ்ஐடியின் கடைசிப் பகுதி) மறுபடி கொடுக்கும். டேட்டா வேண்டுமென்றால் கேபிள் இல்லாமல் தனியாக ஓட்டி எடுங்கள்.

கடைசியாகப் பழைய சர்வரை டிமோட் செய்யப் போனால், முதலில் சர்ட்டிஃபிகேட் சர்வீசஸை நீக்கு என்கிறது. — வாசகர், சென்னை

எப்போதோ யாரோ அதே சர்வரில், டிஜிட்டல் சான்றிதழ் வழங்கும் சர்ட்டிஃபிகேட் அத்தாரிட்டியை நிறுவியிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு நீக்காதீர்கள். வைஃபை லாகின், விபிஎன் இரண்டும் அதன் சான்றிதழ்களை நம்பி ஓடிக்கொண்டிருக்கலாம். வழங்கிய சான்றிதழ்களின் பட்டியலைப் பாருங்கள். பயன்பாட்டில் இருந்தால் சாவி, டேட்டாபேஸ், அதன் ரெஜிஸ்ட்ரி அமைப்பு மூன்றையும் பேக்கப் எடுத்து, பழையதிலிருந்து ரோலை நீக்கி, வேறு சர்வரில் அதே அத்தாரிட்டி பெயரில் மறுபடி நிறுவுங்கள்.

டிமோட் செய்யும் முன் பழைய சர்வரை நான்கைந்து வேலை நாள் அணைத்து வைத்துப் பாருங்கள். சம்பளப் பட்டியல் போடும் நாளும் அதில் வந்தால் இன்னும் நல்லது. ஏதாவது நின்றால் ஆன் செய்து காரணம் தேடலாம். எதுவும் நிற்கவில்லையென்றால் ஆன் செய்து, ரெப்ளிகேஷன் ஒருமுறை ஓடியதும் டிமோட் செய்யுங்கள். அணைத்த நிலையிலேயே மறந்துவிடாதீர்கள். நீக்கிய பதிவுகளின் தடயத்தை டைரக்டரி வைத்திருக்கும் டூம்ப்ஸ்டோன் காலம் வழக்கமாக 180 நாள், அதைத் தாண்டிய கன்ட்ரோலரை மறுபடி சேர்க்கக் கூடாது. டிமோட் ஆனபின் டிஎன்எஸ்ஸில் நேம் சர்வர்ஸ் பட்டியலிலும், சைட்ஸ் அண்ட் சர்வீசஸிலும் பழைய பெயர் மிச்சம் இருந்தால் கையால் நீக்குங்கள். புதிய சர்வரை ப்ரொமோட் செய்யும்போது கொடுத்த, டைரக்டரியைப் பழுது பார்க்க உதவும் டிஎஸ்ஆர்எம் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, கம்பெனி லாக்கரில் வையுங்கள்.